மிக்சரும் மென்பொருளும் ஒரே பெட்டியில்: புதிய டிஜேக்களுக்கு

டிஜே ஆக வேண்டும் என்று இன்று ஒருவர் கடைக்குப் போனால், அவர் முன்னால் எடுத்து வைக்கப்படும் மிக்சர் பெரும்பாலும் இரண்டு வேலை செய்கிற பெட்டியாக இருக்கும். இரண்டு பாட்டின் ஒலியை உள்ளே வாங்கி, கூட்டிக் குறைத்து, கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது பழைய வேலை. லேப்டாப்பில் ஓடும் மென்பொருளுக்கு 'இந்த இடத்துக்குத் தாவு', 'இந்தத் துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டு (லூப்)' என்று கட்டளை அனுப்புவது புதிய வேலை. இரண்டுக்குமான குமிழ்களும் பட்டன்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். எது ஒலியைத் தொடுகிறது, எது கட்டளை மட்டும் அனுப்புகிறது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த இரண்டும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. 2004-ல் மிக்சர் செய்யும் ரேன் நிறுவனமும் மென்பொருள் செய்யும் செராட்டோவும் சேர்ந்து, ரெக்கார்டால் லேப்டாப்பில் உள்ள பாட்டை ஓட்டும் ஸ்கிராட்ச் லைவைக் கொண்டுவந்தபோது, ரெக்கார்டு சுழலும் டர்ன்டேபிளுக்கும் மிக்சருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஒரு தனிப் பெட்டி இருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் டிஜே மேசைக்குப் பின்னால் போய், ஏற்கெனவே போட்டிருந்த கேபிள்களைப் பிடுங்கி, தன் பெட்டியை நடுவில் சொருக வேண்டும். அந்தப் பெட்டியையே மிக்சருக்குள் வைத்துவிட்டால் என்ன என்ற யோசனைதான் ரேனின் டிடிஎம் 57எஸ்எல். 2012-ல் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் டிராக்டர் மென்பொருளுக்காக கன்ட்ரோல் இசட்2 மிக்சரை வெளியிட்டது. இன்று ரேன் செவன்டி, பயனீர் டிஜேயின் டிஜேஎம்-எஸ்7 போன்ற இரண்டு சேனல் (இரண்டு பாட்டுப் பாதை) மிக்சர்கள் இந்த வரிசையில் வருகின்றன. கீழே சொல்வது பெரும்பாலும் இவற்றுக்கும் இவை போன்றவற்றுக்கும் பொருந்தும்.

வாங்கும் முன்

முதலில், கையில் இருப்பது மிக்சரா, கன்ட்ரோலரா என்று பாருங்கள். விலை குறைந்த டிஜே கன்ட்ரோலர் பலவற்றில் குமிழ்கள் கட்டளை மட்டும்தான் அனுப்பும். கலக்கும் வேலை முழுக்க லேப்டாப்பில் நடக்கும். லேப்டாப் நின்றால் பாட்டும் நின்றது. மிக்சர் அப்படியல்ல. யூஎஸ்பி கேபிளைக் கழற்றினாலும் டர்ன்டேபிளோ மொபைல் போனோ இணைத்து வாசிக்கலாம். கடைக்காரரிடம் 'லேப்டாப் இல்லாமல் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்' என்று கேட்டால் போதும், தெரிந்துவிடும்.

அடுத்து உரிமம். செராட்டோ டிஜே ப்ரோ, ரெக்கார்ட்பாக்ஸ் போன்றவை குறிப்பிட்ட மிக்சரை இணைத்தவுடன் தாமாகத் திறந்துகொள்ளும். அந்த மிக்சர் பட்டியலில் இல்லையென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். டைம்கோடு ரெக்கார்டு (பாட்டுக்குப் பதில் கட்டளை ஒலி பதிந்த ரெக்கார்டு, கீழே விரிவாக வரும்) வைத்து வாசிக்கும் டிவிஎஸ் என்ற வசதிக்கு மட்டும் தனி உரிமம் கேட்பதும் உண்டு. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லோகோவை நம்பாமல், மென்பொருள் நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலைத் திறந்து உங்கள் மாடலைத் தேடிப் பாருங்கள். காசு செலவழிக்காமல் பழக வேண்டுமென்றால் மிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது (தேடும்போது பெயரின் கடைசியில் மூன்று எக்ஸ் போட வேண்டும்). டைம்கோடு ரெக்கார்டையும் அது படிக்கும்.

லேப்டாப்பைத் தயார் செய்வது

இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. விண்டோஸ் என்றால் மிக்சர் நிறுவனத்தின் ஏசியோ டிரைவரை (ஒலியைக் குறைந்த தாமதத்தில் கடத்தும் மென்பொருள்) போடுங்கள். மேக்கில் பல மிக்சர்களுக்கு டிரைவரே தேவைப்படாது, சிலவற்றுக்குத் தேவைப்படும், கையேட்டில் பாருங்கள். மிக்சருக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் வீட்டில் இருக்கும்போது செய்யுங்கள், நிகழ்ச்சிக்குக் கிளம்பும் நாளில் வேண்டாம். மிக்சரின் யூஎஸ்பி கேபிளை லேப்டாப்பில் நேராகச் சொருகுங்கள். நடுவில் மலிவான ஹப் வைத்தால் ஒலி விட்டு விட்டு வரும்போது எது காரணம் என்றே கண்டுபிடிக்க முடியாது. ஸ்லீப், வைஃபை, நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பாட்டுக்கு நடுவில் லேப்டாப் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கினால் அதைத் தடுக்க யாராலும் முடியாது.

கேபிள்

மிக்சரின் பின்பக்கம் ஒவ்வொரு சேனலுக்கும் ஃபோனோ, லைன் என்று இரண்டு வகை இன்புட் இருக்கும், அல்லது ஒரே இன்புட்டும் பக்கத்தில் ஒரு சுவிட்சும் இருக்கும். டர்ன்டேபிளின் ஊசியிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். அதோடு, ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் பதிவு செய்திருப்பார்கள். ஃபோனோ இன்புட் இந்தச் சிக்னலைப் பெரிதாக்கி, பேஸையும் ட்ரெபிளையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆகவே டர்ன்டேபிளை லைனில் சொருகினால் சத்தம் மெலிந்து, பேஸே இல்லாமல் வரும். போனையோ சிடி பிளேயரையோ ஃபோனோவில் சொருகினால் கரகரவென்று அலறும். சில டர்ன்டேபிள்களில், ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி120 போல, ஃபோனோ-லைன் சுவிட்ச் அதிலேயே இருக்கும். அதை லைனில் வைத்துவிட்டு மிக்சரை ஃபோனோவில் வைத்தால் சிக்னல் இரண்டு முறை பெரிதாகி உடைந்துபோகும். இரண்டில் ஒன்று மட்டும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

டர்ன்டேபிளிலிருந்து தொங்கும் மெல்லிய எர்த் வயரை மிக்சரின் பின்னால் உள்ள திருகில் மறக்காமல் மாட்டுங்கள். மாட்டாவிட்டால் 'உம்ம்ம்' என்ற இரைச்சல் விடாது. எர்த் வயர் மாட்டியும் இரைச்சல் இருந்தால் லேப்டாப் சார்ஜரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைந்து சுற்றுவதால் வரும் இரைச்சல். மிக்சர், லேப்டாப், டர்ன்டேபிள் மூன்றுக்கும் எர்த் ஒழுங்காக உள்ள ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரைச்சலை 'சரிசெய்யும்' பழக்கம் சிலரிடம் உண்டு. உயிரோடு விளையாடுவது அது, செய்யாதீர்கள்.

ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள் நீளமாக இருந்தால் மிக்சரின் எக்ஸ்எல்ஆர் அவுட்புட்டிலிருந்து எடுங்கள். வீட்டில் இரண்டு மீட்டருக்குள் என்றால் ஆர்சிஏ போதும். ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். மாற்றிச் செய்தால் 'டப்' என்று ஒரு இடி விழும், அது ஸ்பீக்கருக்கு நல்லதல்ல.

எது ஒலி, எது கட்டளை

இப்போது விஷயத்துக்கு வருவோம். மென்பொருளில் இரண்டு டெக்கிலும் (ஒவ்வொரு பாட்டும் ஓடும் திரைப் பகுதி) பாட்டு ஓடட்டும். மிக்சரில் ஒரு குமிழையோ, தள்ளி நகர்த்தும் ஃபேடரையோ அசையுங்கள். காதால் கேளுங்கள், கூடவே லேப்டாப் திரையையும் பாருங்கள். ஒலி மாறி, திரையில் எதுவும் அசையவில்லை என்றால் அந்தக் குமிழ் ஒலியைத் தொடுகிறது. திரையில் ஏதோ அசைகிறது, அதனால்தான் ஒலி மாறுகிறது என்றால் அது கட்டளை. சில குமிழ்கள் இரண்டையும் சேர்த்துச் செய்யும். ஒலியை மிக்சருக்குள் மாற்றும், அதே சமயம் தன் நிலையை மென்பொருளுக்கும் சொல்லும்.

அடுத்து யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு, போனை லைன் இன்புட்டில் சொருகி ஒரு பாட்டைப் போடுங்கள். இப்போதும் எவையெல்லாம் வேலை செய்கின்றன? ஈக்யூ (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைப்பது), சேனல் ஃபேடர், கிராஸ்ஃபேடர் (ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது), மாஸ்டர் (மொத்தச் சத்தம்), ஹெட்போன் வால்யூம் எல்லாம் உயிரோடு இருக்கும். பேட்கள் (விரலால் தட்டும் பட்டன்கள்), பாட்டு தேடும் குமிழ், லூப் பட்டன்கள் செத்துப்போயிருக்கும். ஒரு தாளில் மிக்சரின் படத்தை வரைந்து இரண்டு நிறத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் கையேட்டின் எழுபது பக்கத்தைவிட இந்தத் தாள் உதவும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஒலி மிக்சருக்குள் கலக்கப்படுகிறது என்றால் மென்பொருள் கலக்கக் கூடாது. இரண்டு டெக்கையும் தனித்தனியாக அது அனுப்ப வேண்டும்: முதல் டெக் யூஎஸ்பியின் 1-2 வழியில், இரண்டாவது டெக் 3-4 வழியில். செராட்டோவும் அதற்கான மிக்சரும் என்றால் இது தானாக அமைந்துவிடும். டிராக்டரில் அவுட்புட் ரூட்டிங் பகுதிக்குப் போய் இன்டர்னல் என்பதை எக்ஸ்டர்னல் என்று மாற்ற வேண்டும். மிக்ஸில் சவுண்ட் ஹார்ட்வேர் பகுதியில் மெயின் அவுட்புட்டுக்குப் பதிலாக டெக் 1, டெக் 2 இரண்டையும் தனித்தனி வழியில் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் இரண்டு பாட்டும் ஏற்கெனவே கலந்து மிக்சரின் ஒரே சேனலில் வந்து இறங்கும். அப்புறம் கிராஸ்ஃபேடரை எப்படித் தள்ளினாலும் பயனில்லை.

சத்தத்தின் அளவு

எல்லாக் குமிழையும் நடுவில், ஈக்யூ பன்னிரண்டு மணி நிலையில் வையுங்கள். சேனல் ஃபேடரை முழுக்க மேலே தள்ளுங்கள். பாட்டின் மிகச் சத்தமான இடத்தை ஓடவிட்டு, சேனலுக்குள் வரும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ட்ரிம் குமிழால் அந்தச் சேனலின் மீட்டர் 0 டெசிபெல் பக்கத்தில் ஏறி இறங்கும்படி செய்யுங்கள். மஞ்சள் எட்டிப் பார்க்கலாம், சிவப்பு கூடாது. டிஜிட்டல் மிக்சரில் ஒலி உச்சத்தைத் தாண்டினால் அலையின் தலை வெட்டப்படும். வெட்டுப்பட்டதை மாஸ்டரைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. உடைந்த ஒலியே கொஞ்சம் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். அறைக்கு இன்னும் சத்தம் வேண்டும் என்றால் ஆம்பில் கூட்டுங்கள்.

ஈக்யூவில் பேஸைக் கூட்டும்போதும் இந்த மீட்டரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்த அளவில் பெரும்பங்கு பேஸ்தான். ஈக்யூவைக் கூட்டுவதற்கு அல்ல, வெட்டுவதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. புதிய பாட்டை உள்ளே கொண்டுவரும்போது அதன் பேஸை முழுக்க வெட்டி வைத்து, தாளம் பொருந்தியதும் பழைய பாட்டின் பேஸை வெட்டிக்கொண்டே இதன் பேஸைத் திறந்து பாருங்கள். இரண்டு பேஸும் ஒன்றோடொன்று மோதாமல் பாட்டு கைமாறும்.

டைம்கோடு ரெக்கார்டு

இந்த மிக்சர்களின் அழகே இதில்தான். டைம்கோடு ரெக்கார்டில் பாட்டு இருக்காது. ஒரே சுருதியில் ஒரு கீச்சொலி மட்டும் இருக்கும். செராட்டோவின் ரெக்கார்டில் அது 1 கிலோஹெர்ட்ஸ். இடது, வலது இரண்டிலும் ஒரே ஒலிதான், ஆனால் ஒன்று மற்றதைவிடக் கால் சுற்று பின்தங்கி இருக்கும். ரெக்கார்டு வேகமாகச் சுற்றினால் சுருதி ஏறும், அதை வைத்து மென்பொருள் வேகத்தைக் கணிக்கிறது. எந்தப் பக்கம் முந்துகிறது என்பதை வைத்து முன்னோக்கிச் சுற்றுகிறதா, பின்னோக்கிச் சுற்றுகிறதா என்று அறிகிறது. ஊசி எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்குத் தனிக் குறியீடு அந்த ஒலிக்குள்ளேயே பதிந்திருக்கும். மூன்றையும் சேர்த்தால், கை ரெக்கார்டை எப்படி அசைக்கிறதோ அப்படியே லேப்டாப்பில் உள்ள பாட்டும் அசையும். கவனியுங்கள், இங்கே ஒலியே கட்டளையாகிவிட்டது. டர்ன்டேபிளிலிருந்து வருவது ஸ்பீக்கருக்குப் போகாமல் நேரே லேப்டாப்புக்குப் போகிறது. லேப்டாப்பிலிருந்து பாட்டு திரும்பி வருகிறது. அதனால்தான் சேனலின் மேலே உள்ள தேர்வு சுவிட்ச் யூஎஸ்பியில் இருக்க வேண்டும். ஃபோனோவில் இருந்தால் கீச்சொலி அப்படியே ஸ்பீக்கரில் வந்து கூட்டத்தை நடுங்க வைக்கும்.

அமைப்பது எப்படி: ரெக்கார்டை ஓடவிட்டு, மென்பொருளின் அமைப்புப் பகுதியில் ஸ்கோப் என்ற சின்ன வட்டத்தைப் பாருங்கள். அது உருண்டையாகவும் மெல்லிய கோடாகவும் இருக்க வேண்டும். முட்டை வடிவம் என்றால் இடது-வலது சமமாக இல்லை. ஊசியைத் தாங்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றி அதன் தொடுமுனைகளைத் துடைத்து மீண்டும் மாட்டுங்கள். வட்டமே இல்லாமல் ஒரு கோடு மட்டும் தெரிந்தால் ஒரு பக்கக் கேபிள் வரவில்லை என்று பொருள். வட்டம் மங்கலாகச் சிதறினால் ஊசியில் தூசி, அல்லது ஊசியே தேய்ந்துவிட்டது. ஊசி ரெக்கார்டின் மேல் எவ்வளவு எடையில் அழுத்த வேண்டும் என்று, ஊசி இருக்கும் காட்ரிட்ஜைச் செய்த நிறுவனம் சொல்லியிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் ஊசியும் ரெக்கார்டும் சீக்கிரம் தேயும்.

பிறகு, ஊசியை நிற்கும் ரெக்கார்டின் மேல் வைத்து, அறையில் சத்தமாகப் பாட்டு ஓடும்போது நாய்ஸ் அளவைக் கணிக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்கு ஏறி, ரெக்கார்டு அசைவதாக மென்பொருள் நினைத்துவிடாமல் இருக்கத்தான் இது. வீட்டில் செய்த கணிப்பு மண்டபத்தில் செல்லாது. ஒவ்வொரு இடத்திலும் புதிதாகச் செய்ய வேண்டும்.

அப்சல்யூட், ரிலேட்டிவ் என்று இரண்டு முறை உண்டு. முதலாவதில் ஊசியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் பாட்டும் அங்கே தாவும், உண்மையான ரெக்கார்டு மாதிரியே. இரண்டாவதில் ஊசி எங்கே விழுந்தாலும் பாட்டு விட்ட இடத்திலிருந்தே தொடரும். பேட்களில் கியூ (தாவ வேண்டிய இடத்தின் குறி) போட்டுத் தாவி வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ரிலேட்டிவ்தான் வசதி, ஊசி தாவினாலும் மானம் போகாது.

தாமதம்

கையை அசைத்ததற்கும் ஒலி வருவதற்கும் நடுவில் உள்ள இடைவெளியை, ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபர் தீர்மானிக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 11.6 மில்லிவினாடி, 128 என்றால் 2.9. மற்ற தாமதங்களும் இதோடு கூடும். ரெக்கார்டை முன்னும் பின்னும் தேய்த்து ஸ்கிராட்ச் செய்பவர்களுக்குச் சின்ன பஃபர் வேண்டும். ஆனால் ரொம்பக் குறைத்தால் லேப்டாப் திணறி 'கிளிக் கிளிக்' என்று ஒலி உடையும். 512-ல் தொடங்கி ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். உடையும் இடம் வந்ததும் ஒரு படி மேலே ஏறி நிறுத்துங்கள்.

நம் பாட்டுகளும் பிபிஎம்மும்

மென்பொருள் ஒவ்வொரு பாட்டையும் அலசி, அதன் மேல் தாளக் கட்டங்களைப் போடும். லூப்பும் எக்கோவும், இரண்டு பாட்டின் தாளத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க்கும் இந்தக் கட்டத்தை நம்பித்தான் இயங்குகின்றன. நாலு-நாலு தாளத்தில் கணினியில் தயாரான நடனப் பாட்டுக்கு இது அப்படியே பொருந்தும். தமிழ்ப் பாட்டுக்கு இரண்டு இடத்தில் தகராறு. ஆறு-எட்டு நடையில் போகும் குத்துப் பாட்டை மென்பொருள் ஒன்றரை மடங்காகவோ மூன்றில் இரண்டாகவோ படித்துவிடும். பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) 100 இருக்க வேண்டிய இடத்தில் 150 காட்டும். காலால் தட்டிப் பார்த்துத் திருத்துங்கள். மிக்ஸில் மூன்றில் இரண்டு, இரண்டில் மூன்று என்று மாற்றவே தனித் தேர்வுகள் உண்டு. இன்னொன்று, 70களிலும் 80களிலும் வாத்தியக் குழு ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவான பாட்டுகள். மனிதர் வாசித்த தாளம் கொஞ்சம் ஓடும், கொஞ்சம் நிற்கும். ஒரே கட்டம் பாட்டு முழுக்கப் பொருந்தாது. அவற்றுக்கு சிங்க்கை அணைத்துவிட்டுக் கையால், காதால் பொருத்துங்கள். டர்ன்டேபிள் இருப்பவர்களுக்கு இது சிரமமே இல்லை.

பேட்களும் மாப்பிங்கும்

பேட்கள் முழுக்கக் கட்டளை. முதல் மாதம் ஹாட் கியூவை (ஒரு பேடைத் தட்டினால் குறித்த இடத்துக்குத் தாவுவது) மட்டும் பழகுங்கள்: பாட்டின் தொடக்கம், குரல் நுழையும் இடம், பல்லவி, பீட் மட்டும் ஓடும் இடம் என நான்கு கியூ போதும். எல்லாப் பாட்டிலும் ஒரே வரிசையில் வையுங்கள். மூன்றாவது பேட் என்றால் பல்லவி என்று கைக்குத் தெரிந்துவிட வேண்டும்.

பிறகு மிடி மாப்பிங் பக்கம் போகலாம், அதாவது எந்தப் பட்டன் எந்தக் கட்டளையை அனுப்ப வேண்டும் என்று நாமே அமைப்பது. மென்பொருளில் லேர்ன் பட்டனை அழுத்தி, வேண்டிய வேலையைத் தேர்ந்து, மிக்சரில் ஒரு பட்டனைத் தொட்டால் இரண்டும் ஜோடி சேரும். சாதாரண மிடி கட்டளை 0 முதல் 127 வரை மட்டுமே எண்ணும். எஃபெக்ட் கூட்டக் குறைக்க அது தாராளம், பாட்டின் வேகத்தை நுணுக்கமாக மாற்றப் போதாது. இன்னொரு சங்கடம்: ஷிஃப்ட் அழுத்தி ஒரே குமிழுக்கு இரண்டு வேலை கொடுத்தால், திரையில் மதிப்பு ஓரிடத்திலும் குமிழ் வேறிடத்திலும் நிற்கும். தொட்டவுடன் ஒலி குதிக்கும். சாஃப்ட் டேக்ஓவர் வசதியை இயக்கினால், குமிழ் திரையில் உள்ள மதிப்பைத் தாண்டும்வரை மென்பொருள் காத்திருக்கும்.

கிராஸ்ஃபேடர்

ரேன் செவன்டியின் மூன்று ஃபேடர்களும், எஸ்7-ன் கிராஸ்ஃபேடரும் உரசல் இல்லாமல் காந்தத்தால் இயங்குபவை. பழைய உரசும் ஃபேடர்போலத் தூசி ஏறிக் கரகரக்காது. கர்வ் குமிழைக் கூர்மையாக வைத்தால் ஃபேடரை ஒரு நூலளவு நகர்த்தியதும் முழு ஒலி வரும், ஸ்கிராட்சுக்கு அது. மெதுவாக வைத்தால் பாட்டு பாட்டாகக் கலக்க. பக்கத்திலேயே ரிவர்ஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யாராவது கை பட்டு அது மாறிவிட்டால் ஃபேடரின் இடது வலதாகும். 'மிக்சர் கெட்டுவிட்டது' என்று வருபவர்களில் பாதிப்பேர் பிரச்சினை இந்தச் சுவிட்ச்தான்.

எதுவும் வேலை செய்யாதபோது

பதறாமல் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: போனது ஒலியா, கட்டளையா? சேனல் மீட்டர் ஆடுகிறது, ஸ்பீக்கரில் சத்தமில்லை என்றால் அந்த மீட்டருக்குப் பிறகு உள்ள பகுதி: மாஸ்டர், கிராஸ்ஃபேடர், கேபிள், ஆம்ப். மென்பொருளில் பாட்டு ஓடுகிறது, மீட்டர் ஆடவில்லை என்றால் தேர்வு சுவிட்ச், ட்ரிம், அல்லது அவுட்புட் ரூட்டிங். ஒலி வருகிறது, பேட்கள் மட்டும் இறந்துவிட்டன என்றால் கட்டளைப் பாதை. மென்பொருளை மூடித் திறந்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஒலியும் பேட்டும் சேர்ந்து போனால் யூஎஸ்பி கேபிளில்தான் கை வைக்க வேண்டும். கூடுதலாக ஒரு கேபிள் பையில் இருக்கட்டும்.

மிக்சரில் இரண்டு யூஎஸ்பி இருப்பது ஒரு டிஜே முடிக்கும்போதே அடுத்தவர் தன் லேப்டாப்பை இணைத்துத் தயாராவதற்காக. தனியாக வாசிப்பவருக்கு இன்னொரு காப்பு போதும்: பத்து பாட்டு ஏற்றிய ஒரு பழைய போனைக் காலியாக உள்ள லைன் இன்புட்டிலோ ஆக்ஸிலோ சொருகி, ஏரோப்ளேன் மோடில் வைத்துவிடுங்கள். லேப்டாப் உறைந்துபோனால் போனில் ஒரு பாட்டைத் தட்டிவிட்டு, அந்த இன்புட்டைத் திறந்துவிட்டு, நிதானமாக ரீஸ்டார்ட் செய்யலாம்.